உப்புத்தண்ணி குடிச்ச பழைய பிக்கப்ல பட்டை கழட்டுறது எப்படி: முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

மீன் லோடு அடிக்கிற வண்டியோட அடிப்பக்கத்தை ஒரு தடவை குனிஞ்சு பாத்தவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியும். மேல பெயிண்டு பளபளன்னு இருக்கும், கண்ணாடில வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் கூட புதுசா இருக்கும், கீழ பாத்தா நட்டு எது போல்ட்டு எதுன்னே தெரியாம எல்லாம் சேந்து ஒரே செங்கல் கலர்ல உப்பிப்போய் கிடக்கும். நான் தருவைகுளத்துல இருந்து தூத்துக்குடிக்கு மீன் ஏத்துற ஆளு, மெக்கானிக் கிடையாது, ஆனா பின்னாடி பட்டையை, அதான் வண்டி வெயிட்டைத் தாங்குற லீஃப் ஸ்பிரிங்கை, இதுவரை மூணு தடவை நானே கழட்டி மாட்டியிருக்கேன். முதல் தடவை மூணு நாள் ஆச்சு, ஒரு போல்ட்டு தலை போச்சு, ஒரு நகமும் போச்சு. மூணாவது தடவை ஒன்றரை நாள்ல முடிஞ்சுது. நடுவுல என்ன கத்துக்கிட்டேனோ அதான் இது.

இது பின்பக்க கமான் பட்டைக்கு மட்டும். முன்பக்கம் வண்டிக்கு வண்டி மாறும், ஒண்ணுல டார்ஷன் பார் இருக்கும், ஒண்ணுல காயில், ஒண்ணுல அங்கயும் பட்டை. பின்னாடி மட்டும் அனேகமா எல்லா பழைய பிக்கப்லயும் கதை ஒண்ணுதான், பட்டைக்கட்டோட முன் முனை ஒரு பிராக்கெட்ல நேரா போல்ட்டு போட்டு நிக்கும், பின் முனை சாக்கிள்னு சொல்ற இணைப்புத் தகட்டுல ஆடும், நடுவுல ரெண்டு யூ போல்ட்டு பட்டையையும் ஆக்சிலையும் சேத்துப் பிடிச்சிருக்கும், அப்புறம் ஒரு ஷாக் அப்சார்பர். அவ்ளோதான்.

ஏன் இப்படி இறுகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஐஸ் கரைஞ்ச தண்ணியும் மீன்ல இருக்க கடல் தண்ணியும் பெட்டி ஓட்டை வழியா நேரா பட்டை மேலதான் சொட்டும். கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தண்ணி காஞ்சிரும், உப்பு போகாது, ராத்திரி காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னா அந்த உப்பு தானா ஈரத்தை இழுத்து மறுபடி கரைய ஆரம்பிச்சிரும், நம்ம கடற்கரைல எந்த ராத்திரி அதுக்குக் கீழ போகுது? அதனால வண்டி சும்மா நின்னாலும் துரு நிக்காது. இதுல முக்கியமான விஷயம், இரும்பு துருவா மாறும்போது ரெண்டு மடங்குக்கு மேல உப்பும். போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருக்க தலைமுடி அளவு இடத்துல அது உப்புறதுக்கு வழி இல்லாம ரெண்டு பக்கமும் ஆப்பு வச்ச மாதிரி நெருக்கிரும். அதான் நட்டு கழண்டாலும் போல்ட்டு வராது. மரைல இருக்க பிடி வேற, ஓட்டைக்குள்ள இருக்க பிடி வேற, இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாமதான் எல்லாரும் ஸ்பேனர்ல நீளப் பைப்பு போட்டு தொங்குறோம்.

சரி, கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுக்கணும். எது பொழைக்கணும், எது செத்தாலும் பரவாயில்ல. சேஸ்ல, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, இருக்க பிராக்கெட் பொழைக்கணும். ஆக்சில் பொழைக்கணும், பிரேக் ஹோஸ் பொழைக்கணும். யூ போல்ட்டு, பட்டை முனைல போற கண் போல்ட்டு, சாக்கிள் பின், அந்த முனைக்குள்ள உறை மாதிரி இருக்க புஷ்ஷு, நட்டு எல்லாம் சாகட்டும், கடைல கிடைக்கும். இதை மொதல்லயே முடிவு பண்ணிட்டா ஒரு 8 மணி நேரம் மிச்சம், ஏன்னா முதல் தடவை நான் ஒரு யூ போல்ட்டைக் காப்பாத்துறேன்னு ஒரு மத்தியானம் முழுசும் போராடுனேன், அதோட விலையை விட அன்னைக்கு நான் குடிச்ச டீ காசு ஜாஸ்தி. யூ போல்ட்டைத் திரும்ப மாட்டவே கூடாதுங்கிறது வேற விஷயம், ஒரு தடவை இறுக்கி இழுபட்டது மறுபடி அதே பிடி பிடிக்காது.

அதனால புது சாமானை மொதல்ல வாங்கி வீட்ல வைங்க. கழட்டுனப்புறம் கடைக்குப் போய் சைஸ் இல்லன்னு வந்தா வண்டி ஜாக்கி மேலயே கிடக்கும். புஷ்ஷு பழசு என்ன டைப்புன்னு பாத்து வாங்குங்க, ரப்பர் புஷ்ஷா, இல்ல கிரீஸ் நிப்பிளோட வர்ற கன்மெட்டல் புஷ்ஷான்னு. கண் போல்ட்டுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தலைல 8.8 இல்ல 10.9னு பலத்தைச் சொல்ற நம்பர் அடிச்சிருக்கும், பழையதுல என்ன நம்பரோ அதே நம்பர் வாங்கணும், ஹார்டுவேர் கடைல தூக்கிக் குடுக்குற சாதா போல்ட்டு ஆகாது.

எப்ப பண்றதுன்னா, எங்களுக்கு அதுக்குன்னே காலம் இருக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம், லோடு குறைஞ்சிரும், வெயிலும் காயும், தரையும் காஞ்சிருக்கும். ஐப்பசி கார்த்திகைல சேத்துல படுத்துக்கிட்டு இதைப் பண்ணாதீங்க.

மூணு நாள் முன்னாடி ஆரம்பிங்க

வண்டியை வாட்டர் சர்வீஸ்ல விட்டு அடில மட்டும் நல்லா நல்லதண்ணி அடிக்கச் சொல்லுங்க. காஞ்சப்புறம் கம்பி பிரஷ்ஷை எடுத்து நட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்க மரையைச் சுத்தம் பண்ணுங்க, மரையோட பள்ளம் கண்ணுக்குத் தெரியுற வரைக்கும். இதை யாரும் செய்ய மாட்டாங்க, நேரா ஸ்பேனரை மாட்டிருவாங்க. வெளிய இருக்க அந்தத் துருவு மேலதான நட்டு ஏறி வரணும், நாலு சுத்து வந்ததும் அங்கயே மறுபடி கடிச்சுக்கும்.

அப்புறம் எண்ணெய். டபிள்யூடி-40 கையில இருந்தா அடிங்க, தப்பில்ல, ஆனா அது பேர்லயே இருக்கு, தண்ணியை விரட்டுறதுக்குன்னு வந்த சாமான் அது, பல வருஷத் துருவுக்குள்ள ஊறி இறங்குறதுல அதை விட நல்லது இருக்கு. அசிட்டோனும் பவர் ஸ்டீரிங்குக்கு ஊத்துற ஏடிஎஃப் ஆயிலும் சரிபாதி கலந்து பழைய ஆயில் கேன்ல ஊத்திக்கோங்க, பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி விடணும், ரெண்டும் பிரிஞ்சிரும். தெர்மாகோல் கப்புல ஊத்துனா கப்பு கரைஞ்சு கைல வழியும், சொல்லிட்டேன். பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும், அதனால பீடி சிகரெட் பக்கத்துல வேண்டாம், பின்னால தீ வச்சு சூடு பண்ற அன்னைக்கு காலைல இதை அடிக்காதீங்க. இதெல்லாம் கிடைக்கலன்னா டீசல்ல நனைச்ச துணியைச் சுத்தி ராத்திரி முழுக்க விடுங்க, எங்கப்பா காலத்து வைத்தியம், மெதுவா வேலை செய்யும் ஆனா செய்யும்.

மூணு நாளும் சாயங்காலம் ஒரு தடவை எண்ணெய், அதுக்கப்புறம் ஒவ்வொரு நட்டு மேலயும் முக்கால் கிலோ சுத்தியால பத்து தட்டு. அடி இல்ல, தட்டு. அந்த அதிர்வுலதான் துருவுல விரிசல் விழுந்து எண்ணெய் உள்ள இறங்க வழி கிடைக்கும்.

தட்டும்போதே இன்னொண்ணும் பாத்துருங்க. அதே சுத்தியால பிராக்கெட் சுத்தி இருக்க சேஸைத் தட்டிக்கிட்டே வாங்க. டங்குனு கேட்டா இரும்பு இருக்கு. டொப்புனு கேட்டாலோ, தகடு தகடா உதிர்ந்தாலோ, வேலையை அங்கயே நிறுத்துங்க, அது பட்டை வேலை இல்ல, சேஸ் வெல்டிங் வேலை, அதைத் தெரிஞ்சவங்க கைல விடுங்க.

தூக்குறது

இந்த இடத்துல மட்டும் அவசரமே படாதீங்க, ஏன்னா மத்ததெல்லாம் தப்பா போனா போல்ட்டு போகும், இது தப்பா போனா ஆளு போயிருவான்.

சிமெண்ட் தரை, சமதளம். பெரும்பாலான பிக்கப்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்குத்தான், கியர் போட்டு விட்டாலும் அது பிடிக்கிறது பின் சக்கரத்தைத்தான். நீங்க தூக்கப்போறதும் அதே பின் சக்கரத்தைத்தான். ரெண்டும் மேல போனதும் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்ல, உருளும். அதனால முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை. கல்லு வேண்டாம், நல்ல தேக்கு வேம்பு கட்டை.

எல்லா நட்டையும் வண்டி தரைல நிக்கும்போதே ஒரு கால் சுத்து அசைச்சுப் பாத்துருங்க, வண்டி வெயிட்டு சக்கரத்துல இருக்கும்போது பைப்பு போட்டு இழுத்தா ஆடாது, ஜாக்கில இருக்கும்போது இழுத்தா வண்டியே ஆடும். அப்புறம் ஜாக்கியைப் போட்டு சேஸைத் தூக்கி, பட்டையோட முன் பிராக்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வைங்க. ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் கூடாது, வெயிட்டு தாங்குற மாதிரியே இருக்கும், ஒரு சின்ன முனை அழுத்துனா வெடிச்சுப் பொடியாயிரும். ஆக்சிலுக்குத் தனியா இன்னொரு ஜாக்கி, பட்டை கழண்டதும் ஆக்சில் தொங்கும், தொங்குனா பிரேக் ஹோஸை இழுத்துரும். லோடுக்கு ஏத்த மாதிரி பிரேக்கை மாத்துற வால்வு இருக்க வண்டின்னா அதோட கம்பி ஆக்சிலுக்கு வரும், அதையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் மொதல்லயே கழட்டிவிட்டு கம்பி கட்டி ஓரமா வைங்க. எங்க எப்படி இருந்துச்சுன்னு போன்ல நாலு போட்டோ எடுத்துக்கோங்க, நாளைக்கு ஞாபகம் இருக்காது.

ஷாக்கும் யூ போல்ட்டும்

ஷாக்ல கீழ் போல்ட்டு சாதாரணமா வந்துரும். மேல நட்டுன்னா தண்டும் சேந்து சுத்தும், வைஸ் கிரிப் (பிடிச்சா பூட்டிக்கிற பிளையர்) போட்டு தண்டைப் பிடிச்சுக்கிட்டு சுத்துங்க, எப்படியும் ஷாக்கை மாத்தத்தான் போறீங்கன்னா நட்டை அறுத்துத் தள்ளுங்க. ஷாக் மேல மட்டும் தீயைக் காட்டாதீங்க, உள்ள ஆயிலும் சிலதுல அழுத்தமா கேஸும் இருக்கு, வெடிக்கும்.

யூ போல்ட்டுக்கு ஒரே வழி, கிரைண்டர். 4 இஞ்ச் மிஷின்ல 1 எம்எம் கட்டிங் டிஸ்க் போட்டு நட்டுக்கு மேல தண்டை அறுங்க, நாலு அறுப்பு, பத்து நிமிஷம். டிஸ்க் கவரைக் கழட்டிட்டு பண்றவங்களை நிறைய பாத்திருப்பீங்க, அவங்க முகத்தையும் ஒரு தடவை உத்துப் பாருங்க. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். டீசல் டேங்க், பிரேக் ஹோஸ், வயரு பக்கம் பொறி போகாம ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்க, பக்கத்துல ஒரு வாளி மணல். டிஸ்க் ஆக்சில் குழாய்ல கீறாம பாத்துக்கோங்க, அது பொழைக்க வேண்டிய சாமான்.

கண் போல்ட்டு, இங்கதான் சண்டை

பட்டையோட சுருண்ட முனையைத்தான் கண்ணுன்னு சொல்றோம். அதுக்குள்ள ரப்பர் புஷ்ஷு, புஷ்ஷுக்குள்ள ஒரு இரும்புக் குழாய், குழாய்க்குள்ள போல்ட்டு. துரு பிடிக்கிறது போல்ட்டுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவுல, ரெண்டும் ஒரே துண்டாயிரும்.

எது இறுகியிருக்குன்னு கண்டுபிடிக்கிறது ஈஸி. நட்டைக் கழட்டிட்டு போல்ட்டு தலைல ஸ்பேனர் போட்டு கால் சுத்து சுத்திட்டு கையை விடுங்க. ஸ்பேனர் தானா ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்துச்சுன்னா, போல்ட்டு குழாயோட ஒட்டிக்கிச்சு, நீங்க முறுக்குனது ரப்பரைத்தான். அப்படியே சுத்திக்கிட்டே இருந்தா ரப்பர் கிழிஞ்சு முழுசா சுத்தும், கழண்டிருச்சுன்னு சந்தோஷப்படுவீங்க, ஆனா ஒரு எம்எம் கூட வெளிய வராது. நான் அப்படி அரை மணி நேரம் சுத்தியிருக்கேன்.

நட்டே வரலன்னா மொதல்ல இறுக்குற பக்கம் ஒரு துளி. ஆமா, இறுக்குற பக்கம். துரு முறியுற சத்தம் டிக்குனு கேக்கும், அப்புறம் கழட்டுற பக்கம், மறுபடி இறுக்குற பக்கம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஜாஸ்தி. பாக்ஸ் ஸ்பேனர் ஆறு முனை உள்ளதா போடுங்க, பன்னெண்டு பல்லு வச்சது துரு தின்ன நட்டுல வழுக்கி முனையைத் தின்னுரும். பைப்பு போடும்போது ஒரு கணக்கு மனசுல இருக்கட்டும், 8.8 நம்பர் 12 எம்எம் போல்ட்டுக்கு முழு இறுக்கமே சுமார் 80 நியூட்டன் மீட்டர்தான், நாலடி பைப்பு நுனில நீங்க 50 கிலோ அழுத்துனா 600 கிட்ட போயிரும். கண் போல்ட்டு அதை விடத் தடிமன்தான், ஆனாலும் சாக்லேட் முறியுற மாதிரி முறியும். எனக்கு தலை போனது அப்படித்தான், முறியுறதுக்கு ஒரு நொடி முன்னாடி ஸ்பேனர் இளகுச்சு, ஆகா வந்துருச்சுன்னு சிரிச்சேன், முழங்கை போய் மட்கார்டுல மோதுச்சு. இரும்பு இழுபடுற இளக்கம் அது, கழண்டு வர்ற இளக்கம் இல்ல. கழண்டா டிக்குனு சத்தம் வரும், சத்தமே இல்லாம இளகுனா கையை எடுத்துருங்க.

வரலன்னா சூடு. இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க தெருமுனைல கேஸ் வெல்டிங் பட்டறை வச்சிருக்க ஒரு அண்ணாச்சி. போல்ட்டு தலை போனப்புறம் அவரைத்தான் கூட்டிட்டு வந்தேன். வந்து குனிஞ்சு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, கேஸ் செட்டைப் பத்த வச்சு பிராக்கெட்டோட காதைச் சுத்தி வட்டம் வட்டமா காட்டுனாரு, போல்ட்டு மேல தீயே படல. ஏன்னா சுத்தி இருக்க இரும்பு விரியணும், நடுவுல இருக்கது விரியக்கூடாது. 16 எம்எம் ஓட்டை 300 டிகிரி சூடானா விரியுறது 0.06 எம்எம் கிட்டதான், ஒரு பேப்பர் கனத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல, ஆனா அது போதும். கொஞ்சம் கறுத்து வந்ததும் தீயை அணைச்சிட்டு சட்டைப்பைல இருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து போல்ட்டு ஓரத்துல தொட்டாரு. தொட்ட உடனே மெழுகு உருகி வெள்ளைப்புகையோட உள்ள உறிஞ்சிக்கிட்டுப் போச்சு, நாலு தடவை அப்படித் தொட்டாரு. நான் ஆர்வத்துல ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்தா, "தொடாத லே, ஆறட்டும். அதுக்கு ஒரு டீ நேரம் குடு"ன்னாரு. நெசமாவே டீ குடிச்சிட்டு வந்தோம். மறுபடி சூடு, மறுபடி மெழுகு, மூணாவது தடவை நட்டு கிரீச்சுனு ஒரு சத்தம், சுத்த ஆரம்பிச்சிருச்சு. சூடாகி ஆறுறப்பதான் துரு வெடிக்குதாம், ஒரே தடவை செக்கச்செவேல்னு காய்ச்சுறதை விட இப்படி மூணு தடவை மிதமா காய்ச்சுறது மேல்.

சூட்டுல மூணு எச்சரிக்கை. பட்டை மேல தீ படக்கூடாது, அது பதம் போட்ட இரும்பு, சூடு பட்டா பதம் போயி லோடுல வளைஞ்சிரும் இல்ல ஒடிஞ்சிரும், அந்தப் பட்டையையே மாத்துறீங்கன்னா கவலையில்ல. ரப்பர் புஷ்ஷு தீப்பிடிச்சு கருப்பு புகை விடும், மூக்குல ஏத்தாதீங்க, திறந்த வெளியா இருக்கட்டும். ஜிங்க் பூசுன போல்ட்டு நட்டுன்னா அந்தப் புகை காய்ச்சலையே கொண்டுவரும்.

நட்டு வந்தப்புறம் போல்ட்டைத் தட்டி எடுக்கணும். மரை நுனில நேரா சம்மட்டியால அடிச்சா நுனி காளான் மாதிரி விரிஞ்சு ஓட்டைக்குள்ள போகவே போகாது. பழைய நட்டை நுனிக்குச் சமமா திரும்ப மாட்டிட்டு அது மேல ஒரு பித்தளைத் துண்டை வச்சு ரெண்டு கிலோ சம்மட்டியால அடிங்க. இருபது அடிக்கு அசையலன்னா விட்டுருங்க, இருநூறு அடிக்கும் அசையாது, பிராக்கெட் காதுதான் வளையும்.

அப்ப அறுக்க வேண்டியதுதான். கண்ணுக்கும் பிராக்கெட் காதுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதுக்குள்ள கட்டிங் டிஸ்க் நுழைஞ்சா ரெண்டு அறுப்பு, பட்டை கீழ இறங்கிரும். மிஷின் நுழையலன்னா ஹேக்ஸா பிளேடை மட்டும் ஒரு முனைல துணி சுத்திப் பிடிச்சு கையாலேயே அறுக்கணும், ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும், எண்ணெய் விட்டுக்கிட்டே மெதுவா இழுங்க. புது பிளேடு குறைஞ்சது மூணு வேணும். காதுல மாட்டியிருக்க துண்டுகளை அப்புறம் ஒரு பஞ்ச் வச்சு தட்டுனா விழுந்துரும்.

சாக்கிளும் இதே கதைதான், இடம் மட்டும் தாராளமா இருக்கும்.

தலை ஒடிஞ்சு தண்டு மட்டும் உள்ள நிக்குதுன்னா துளை போடுறதுக்கு முன்னாடி வெல்டரைக் கேளுங்க. தண்டு மேல ஒரு பெரிய நட்டை வச்சு ஓட்டை வழியா உள்ள வெல்டிங் வச்சு நிரப்புவாங்க, கை பொறுக்குற சூடு வர்ற வரைக்கும் ஆறவிட்டு அந்த நட்டைச் சுத்துனா, வெல்டிங் சூட்டுல துரு ஏற்கனவே விட்டிருக்கும், பத்துல ஏழு தடவையாவது வந்துரும்னு அண்ணாச்சி சொல்வாரு, நான் பாத்த ரெண்டும் வந்துச்சு. வெல்டிங் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க. ஒடிஞ்ச தண்டுல துளை போட்டு உள்ள இறக்கிச் சுத்துற ஈஸி அவுட் மட்டும் வேண்டாம், அது உள்ள ஒடிஞ்சா எந்த டிரில்லும் அதுல இறங்காது.

திரும்ப மாட்டும்போது

அடுத்த தடவை கழட்டப்போறதும் நீங்கதான், அதனால புஷ்ஷோட குழாய்க்குள்ள போற போல்ட்டு உடம்பு முழுசும் ஆன்டி சீஸ் (துருப்பிடிச்சு ஒட்டாம இருக்கப் பூசுற பசை) இல்லன்னா தண்ணி தாங்குற நல்ல கிரீஸை அப்பிருங்க. மரைல வழவழன்னு போடாதீங்க, அதே இறுக்கத்துல போல்ட்டு அளவுக்கு மேல இழுபடும். பட்டை நடு போல்ட்டோட தலை ஆக்சில் மேல இருக்க குழில சரியா உக்காந்துச்சான்னு விரலால தடவிப் பாருங்க, உக்காரலன்னா ஆக்சில் கோணலா நின்னு டயரைத் தின்னும்.

ரப்பர் புஷ்ஷுன்னா கண் போல்ட்டையும் சாக்கிளையும் தொங்கவிட்ட நிலைல இறுக்காதீங்க, சும்மா கையால மாட்டி விட்டுட்டு, வண்டியை இறக்கி வெயிட்டு சக்கரத்துல வந்தப்புறம் இறுக்குங்க. இல்லன்னா ரப்பர் முறுக்குன நிலைலயே மாட்டிக்கிட்டு ஆறே மாசத்துல கிழியும். என் முதல் புஷ்ஷு அப்படித்தான் போச்சு, கடைக்காரர் மட்டமான சாமான் குடுத்துட்டாருன்னு அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

யூ போல்ட்டு நாலு நட்டையும் குறுக்கு குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா. கழிவு ஆயிலை பட்டை முழுக்க பூசுற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, நான் அதை விட்டுட்டேன், ரப்பரைத் தின்னுது, பிரேக்லயும் வழியுது, அதுக்குப் பதிலா லோடு இறக்குன கையோட பத்து நிமிஷம் நல்லதண்ணி அடிக்கிறேன். ரெண்டு லோடு அடிச்சப்புறம் யூ போல்ட்டு நட்டை மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்க, பட்டைகளுக்கு நடுவுல இருக்க பெயிண்டும் தூசியும் நசுங்கி கண்டிப்பா கொஞ்சம் இளகியிருக்கும், போன தடவை எனக்கு ஒரு பக்கம் நாலுல ரெண்டு நட்டு கால் சுத்து எடுத்துச்சு.